தெரிந்த கள்ளனுக்குச் சாவி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து சில நேரம் எனக்கே பிடிபடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடையில் அட்டைப் பெட்டிகளின் மேல் சாமான்களின் பெயர்தான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதெல்லாம் என்றைக்கோ மறந்துபோயிற்று. மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் திருத்திய பிறகும் தப்பு இருந்தால் அது என்னுடையது. விஷயத்தில் குழப்பம் இருந்தால் அதுவும் என்னுடையதுதான். எத்தனையோ நாள் யோசித்தும் எனக்குத் தெளியாத ஒரு மனிதரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் கோட்டாற்றில் ஒரு பூட்டுக்கடையில் நிற்கிறேன். பூட்டு, தாழ்ப்பாள், கீல், ஆணி எல்லாம் விற்கும் கடை. எனக்குப் பேச்சு வராது. ஆட்கள் வந்து எது நல்ல பூட்டு என்று கேட்டால், மூன்று நான்கை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். மிச்சத்தை முதலாளி பேசிக்கொள்வார். என்னை நிறுத்திப் பேசவைத்தவர் ஒருவர்தான். அவரை நான் சார் என்றே கூப்பிட்டு வந்தேன். பெயர் தெரியும், ஆனால் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. இங்கும் சாராகவே இருக்கட்டும்.

அவருக்கு திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை. வீடு கடற்கரைப் பக்கம். காலையில் கறுப்பு மோட்டார் சைக்கிளில் வந்து, எங்கள் கடைக்குப் பக்கத்துச் சந்தில் அதை நிறுத்திவிட்டு, நடந்து ஜங்ஷனுக்குப் போய் ரயில் ஏறுவார். சாயங்காலம் திரும்பி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவார். ஸ்டேஷனிலேயே வண்டி நிறுத்த இடம் உண்டு. ஏன் அங்கே விடுவதில்லை என்று முதலாளி ஒருமுறை கேட்டார்.

"அங்க சீட்ட காட்டுனா எவன் கையிலயும் வண்டிய குடுத்திருவான் முதலாளி. சீட்டுக்கு மூஞ்சி உண்டா?" என்றார் சார்.

அவர் முதன்முதலில் கடைக்குள் வந்த அன்று முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வண்டிக்கு ஏற்கெனவே இரண்டு பூட்டு உண்டு, மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்றார். நான் வழக்கம்போல எடுத்து வைத்தேன். கம்பிப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளினார்.

"இது மாட்ட கெட்டுததுக்கு உள்ளதாக்கும்."

நம்பர் பூட்டை எடுத்தார். சக்கரத்தை இரண்டு தடவை உருட்டினார்.

"இதுக்க நம்பர மறந்தா நான்தான் கள்ளன்."

அடுத்தது கனமான செயின் பூட்டு. அதை உள்ளங்கையில் ஏந்தி, சந்தையில் மீனைத் தூக்கிப் பார்ப்பதுபோல் ஏற்றி இறக்கினார். வளையங்களுக்கு நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"எடை உண்டு. கடப்பாரை உள்ள போவாது. செரி மக்கா, இப்ப நீ கள்ளன்னு வையி. இந்தப் பூட்ட நீ எப்படி எடுப்ப?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லு. கள்ளனுக்கு என்ன வெக்கம்?"

அவர் போகிற மாதிரி இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். "நான் பூட்டத் தொடமாட்டேன் சாரே."

"பின்ன?"

"நீங்க சாவிய எங்க வைக்கியன்னு பாப்பேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தச் செயின் பூட்டையே வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் நான் கடைமுன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். வாழைக்குலை லாரிகள் வருகிற நேரத்திலேயே எங்கள் தெரு விழித்துவிடும். சந்தில் ஒரு பழைய இரும்புத் தூண் உண்டு. சார் பின்சக்கரத்தோடு சேர்த்துச் செயினை அந்தத் தூணில் சுற்றிப் பூட்டினார். நேராக என்னிடம் வந்து, ஈரக் கையில் சாவியை வைத்தார்.

"இன்னா. இனி நீ எங்கயும் பாக்காண்டாம்."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிப்போனார். சாயங்காலம் வந்து சாவியைக் கேட்டு வாங்கி, பூட்டைத் திறந்து, வண்டியோடு வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் காலையில் பூட்டிவிட்டு மறுபடியும் என்னிடம் தந்தார். இப்படியே வழக்கமாகிவிட்டது. பகல் முழுவதும் அந்தச் சாவி என் அரைஞாணில் தொங்கும். கோட்டாற்றில் எத்தனையோ பெரிய கடைகள், எத்தனையோ பெரிய மனிதர்கள் இருக்க என்னிடம் தருகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. வீட்டில் போய் மனைவியிடம் சொன்னேன்.

"ஒங்கள நம்பியா?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அன்று எனக்கு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்தாள்.

பூட்டு விஷயத்தில் சாருக்கு நிறைய கொள்கைகள் உண்டு. செயின் தரையில் கிடக்கக் கூடாது என்பார். "தரையில படுத்த செயின ரெண்டு சுத்தியலடி வச்சாப் போதும். அந்தரத்துல தொங்கணும். அடிச்சா ஆடணும். ஆடுதத அடிச்சு ஒடைக்க முடியாது." அதற்காகவே செயினைத் தூணில் ஒரு சுற்று ஏற்றிச் சுற்றுவார். முன்சக்கரத்தின் பிரேக் தட்டில் மாட்டுகிற சின்னப் பூட்டு ஒன்று இருந்தது. அதை மறந்து வண்டியைக் கிளப்பினால் மனிதன் விழவேண்டியதுதான். அதனால் தன் மகளுடைய சிவப்பு ரிப்பனை அந்தப் பூட்டிலிருந்து கைப்பிடிவரைக்கும் இழுத்துக் கட்டியிருப்பார். வண்டி ஏதோ பூப்புனித நீராட்டுக்குப் போவதுபோல நிற்கும். ரிப்பன் கட்டியும் ஒருநாள் விழுந்தார். எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டு, "பூட்டு நல்ல பூட்டாக்கும்" என்றார்.

இன்னொருமுறை சத்தம் போடுகிற பூட்டு வாங்கினார். யாராவது வண்டியைத் தொட்டால் கூவும். வாழைக்குலை லாரி திரும்பினால் கூவியது. பூனை ஏறினால் கூவியது. இடி இடித்தால் கூவியது. முதல் சில நாள் தெருவே ஓடிவந்து பார்த்தது. அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச் சாயாக்கடைக்காரர் மட்டும், "ஓய், ஒம்ம பிள்ளைக்குப் பசிக்கு" என்று சத்தம் கொடுப்பார். சார் அதைக் கழற்றி எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

"இது வேண்டாம் மக்கா. எல்லாருக்கும் கேட்டுப் பழகிப்போச்சு. இனி கள்ளன் வந்தா இது அவனுக்குத் தாராட்டுப் பாடும்."

இதையெல்லாம் வாசிக்கும்போது அவரைச் சந்தேகப் பிராணி என்று நினைப்பீர்கள். அப்படியும் சொல்ல முடியாது. ரயிலில் யாரென்று தெரியாத ஆளிடம் பையைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய் டீ குடித்து வருவாராம். வீட்டு முன்வாசலில் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று பல வருடமாகச் சொன்னார்; எங்கள் கடையில் தாழ்ப்பாள் இல்லாமலா, ஒன்று வாங்கியதில்லை. பூட்டுகிறபோது அத்தனை கவனமாகப் பூட்டுவார். பூட்டிவிட்டு நடந்தால் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். நான் எத்தனையோ ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பூட்டிவிட்டு நான்கு அடி போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்காத ஆள் அவர் ஒருவர்தான்.

மற்ற இரண்டு பூட்டின் சாவிகளும் அவரிடம் இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. சாயங்காலம் ரயில் இறங்கியதும் ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்காரரிடம் பிரேக் பூட்டின் சாவியை வாங்குவார். பிறகு வாழைக்குலை மண்டியில் வேலை பார்க்கிற அவருடைய மனைவியின் தம்பியிடம் முன்சக்கரச் செயினின் சாவியை வாங்குவார். கடைசியில் என்னிடம் வருவார். தன் வண்டியில் ஏறுவதற்கு ஒரு மனிதர் மூன்று பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு அது ஒரு வினோதமாகத் தோன்றியதே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. நான்தான் கேட்கிற ஆள் இல்லையே.

அந்தக் காரணம் ஒரு திருவிழாவில் தெரிந்தது. அல்லது தெரிந்ததுபோல இருந்தது.

சாருடைய ஊர்க் கிறிஸ்தவக் கோயில் திருவிழாவில் ஒருநாள் வண்டிகளை மந்திரிப்பார்கள். ஊரில் உள்ள பைக், ஆட்டோ, மீன் ஏற்றுகிற டெம்போ எல்லாவற்றையும் கோயில் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டு தீர்த்தம் தெளித்துவருவார். அப்போது வண்டிக்காரர்கள் சாவியைக் கையில் உயர்த்திப் பிடிக்க வேண்டும். வண்டியோடு சாவியும் மந்திரிக்கப்பட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம்.

"நீ வரணும் மக்கா. சாவி ஒனக்க கையிலதான இருக்கு" என்றார் சார்.

முந்தின நாள் சாயங்காலம் பூட்டைத் திறந்ததும் சாவியை என்னிடமே திருப்பித் தந்திருந்தார். அவர் கையில் தந்துவிட்டு நான் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டவிதம் அப்படி. நெற்றியில் திருநீறோடு பஸ் ஏறிப் போனேன். முற்றத்தில் கடல்காற்று வேட்டியைப் பிடுங்கியது. சாருடைய வண்டியின் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் நின்றார்கள். ஆட்டோக்காரர் வயதில் மூத்தவர், காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். சாருடைய மச்சினன் இளந்தாரி, கழுத்தில் ஜெபமாலை. இருவரையும் தூரத்தில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. சாமியார் எங்களிடம் வந்தபோது சார் வண்டிச் சாவியையும், நாங்கள் மூன்று பேரும் பூட்டுச் சாவிகளையும் உயர்த்திப் பிடித்து நின்றோம்.

சாமியார் தண்ணீரைத் தெளிக்காமல் நின்றுவிட்டார். "இதுல யாரு வண்டிக்காரன்?"

"நான்தான் சாமி" என்றார் சார்.

"அப்ப இவங்க?"

"இவங்க பூட்டுக்காரங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்துக்கொண்டே எங்கள் எல்லாருடைய தலையிலும் நன்றாகத் தெளித்துவிட்டுப் போனார்.

பிறகு சார் சாமியாரின் பின்னாலேயே போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒரு பந்தலின் நிழலில் நின்றோம். மச்சினன்தான் பேச்சை எடுத்தான்.

"அண்ணே, நான் அத்தானுக்க பழைய வண்டிய கொண்டுபோய் மார்த்தாண்டத்துல வித்தவனாக்கும். அப்ப எனக்குக் கெட்ட கூட்டு. வீட்டுல இருந்த சாவிய எடுத்துட்டுப் போனேன். அத்தான் போலீசுக்குப் போவல்ல. புது வண்டி வாங்குன அன்னைக்கு மொதல் பூட்டுக்க சாவிய என் கையில தந்தாரு."

ஆட்டோக்காரர் பீடியைப் பற்றவைத்தார். "நான் அதுக்கும் மேல. பைக் கேசுலயே உள்ள இருந்துட்டு வந்தவன். ஜங்ஷன்ல எவனும் எனக்கு ஆட்டோ தரல்ல. சார் வந்து நின்னு, 'வண்டிப் பூட்டுக்குச் சாவி வைக்க ஒரு ஆளு வேணும்'னாரு. மொதல்ல என்னைக் கேலி செய்யுதாருன்னு நினைச்சேன்."

"அத்தான் ஒண்ணு சொல்லுவாரு," என்றான் மச்சினன். "தெரியாத கள்ளனுக்குப் பூட்டு, தெரிஞ்ச கள்ளனுக்குச் சாவி. சாவி ஒருத்தன் கையில இருக்குன்னா வண்டி போனா அவனத்தான் கேப்பினும். அவன் எப்படி எடுப்பான்? அவன்தான் காவல் காக்கணும். எப்படி இருக்கு ஐடியா?"

ஆட்டோக்காரர் புகையை விட்டார். இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"நீரு என்ன செய்தீரு?" என்றார் ஆட்டோக்காரர்.

எனக்குப் புரியவில்லை.

"இல்ல, கேட்டேன். நான் ஜெயிலு. இவன் வண்டிய வித்தான். நீரு என்ன செய்ததுக்கு ஒம்ம கையில சாவி?"

"நான் ஒண்ணும் செய்யல்ல" என்றேன்.

"நானும் அப்படித்தான் கோர்ட்டுல சொன்னேன்" என்றார் அவர். மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. போகும்போது மச்சினன் என் தோளைத் தட்டி, "பேடிக்காதியும் அண்ணே, பயம் வேண்டாம். எப்படியும் எல்லாப் பூட்டுக்கும் இன்னொரு சாவி அத்தான் வீட்டு அலமாரியில உண்டு. நான் ஒருக்கா ஊருல இல்லாதப்ப அத வச்சுத்தான் தொறந்தாரு" என்றான்.

அன்று பஸ்ஸில் வரும்போது என் ஜன்மத்தையே புரட்டிப் பார்த்தேன். ஒருவருடைய பொருளையும் எடுத்தவனில்லை. எடுக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. கடையில் ஒரு ஆணிகூட வீட்டுக்குப் போனதில்லை. பிறகு எதற்கு? அப்போதுதான் முதல்நாள் நான் சொன்ன பதில் ஞாபகம் வந்தது. பூட்டைத் தொடமாட்டேன், சாவியை எங்கே வைக்கிறீர்கள் என்று பார்ப்பேன். அதைச் சொன்ன மறுநாள்தான் சாவி என் கைக்கு வந்தது. இனி நீ எங்கேயும் பார்க்க வேண்டாம் என்று சொல்லித்தான் தந்தார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். இந்த ஆள் கள்ளன் மாதிரி யோசிக்கிறான், இவன் பக்கத்திலேயே வண்டி நிற்கப்போகிறது, இவனையும் கட்டிவைக்க வேண்டும் என்று அவர் அன்று நினைத்திருந்தால்?

மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. அவள் முட்டை பொரித்தது வீணாகிவிடும்.

அதற்குப் பிறகு சார் செய்கிற ஒவ்வொன்றும் எனக்கு இரண்டாகத் தெரிந்தது. "சாவி பத்திரமா இருக்கா மக்கா?" என்று கேட்பார். முன்பெல்லாம் அது நலம் விசாரிப்பதுபோல இருக்கும். இப்போது போலீஸ்காரர் கேட்பதுபோல இருந்தது. சாயங்காலம் நான் சாவியைத் திருப்பித் தரும்போது என் கண்ணைப் பார்த்துச் சிரிப்பார். அது நன்றியா, இன்றைக்கும் தப்பித்தது என்ற நிம்மதியா? கேட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். கேள்வியைத் தொண்டைவரைக்கும் கொண்டுவருவேன். "சாரே" என்பேன். "என்ன மக்கா?" என்பார். "ரயில் லேட்டா?" என்று கேட்டுவிடுவேன்.

ஒருநாள் காலையில் சாவியை வாங்க வேண்டாம் என்று முடிவுசெய்து இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் நீட்டினார். நான் கையை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். அது மேசைமேலேயே கிடந்தது. கடைக்கு வருகிறவர்கள் கண் அதில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரத்தில் என்னால் முடியவில்லை. எடுத்து அரைஞாணில் கட்டிக்கொண்டேன்.

இந்தக் குழப்பத்தோடு இருக்கும்போதுதான் என் மாமனார் இறந்துபோனார். மனைவியின் வீடு பேச்சிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டங்களைத் தாண்டிப் போக வேண்டும். மத்தியானம் போன் வந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டேன். அரைஞாணில் சாவி கிடந்தது எனக்கு நினைவே இல்லை.

மறுநாள் அடக்கம் முடிந்து எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒருவர் குடையோடு ஏறி வந்தார். சார். வெள்ளைச் சட்டை, முழங்கால்வரை சுருட்டிய பேண்ட், காலெல்லாம் சேறு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டேன் மக்கா" என்றார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமியாரிடம் போய், வயது என்ன, என்ன சீக்கு, எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தார். கட்டன்சாயா குடித்தார். மனைவியின் சொந்தக்காரர்களுக்கு என்மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி சார் மழையில் இவ்வளவு தூரம் துஷ்டி கேட்க வந்திருக்கிறாரே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். என் மச்சான் வந்து எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப்போட்டான். அதுவரை நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

சார் எழுந்து விடைபெற்று, பாதி வழி இறங்கிய பிறகுதான் எனக்குச் சாவி நினைவு வந்தது. ஈரப் பாதையில் ஓடினேன்.

"சாரே, சாவி. எனக்க கையிலயே வந்துட்டு. நேத்து எப்படி வீட்டுக்குப் போனிய?"

"பஸ்ஸுல போனேன். வண்டி அங்கதான் நிக்கி."

"இதுக்காவா வந்திய?"

"அதும் உண்டு" என்றார்.

அதும் என்றால் எது முதல், எது இரண்டாவது? துஷ்டிக்கு வந்தவர் சாவியை வாங்கிக்கொண்டாரா, சாவிக்கு வந்தவர் துஷ்டி கேட்டாரா? சாவிக்காக மட்டும் வந்திருந்தால் வந்தவுடனே கேட்டிருப்பார். சாவியே கேட்காமல் இறங்கிப் போனாரே. நான் ஓடாமல் இருந்திருந்தால் வெறுங்கையோடு பஸ் ஏறியிருப்பாரா?

அன்று மழையின் சத்தத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"வீட்டு அலமாரியில இதுக்க இன்னொரு சாவி உண்டும்லா சாரே?"

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"மத்த ரெண்டுக்கும் உண்டு. இதுக்கு இல்ல."

"தொலஞ்சு போச்சா?"

"தொலைய ஒண்ணும் இல்ல," என்றார். "இல்ல மக்கா. இதுக்கு இல்ல. அது மதி, அது போதும்."

அவ்வளவுதான். பஸ் வந்தது, சாவியோடு ஏறிப் போய்விட்டார். பூட்டை விற்ற அன்று அதன் பெட்டிக்குள் இரண்டு சாவி இருந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். ஒன்றை என்னிடம் தந்தார். மற்றது எங்கே? அவரே எங்காவது எறிந்துவிட்டாரா? கள்ளனாகத் தெரிந்தவர்களுக்குத் தந்த சாவிக்கெல்லாம் மாற்றுச் சாவி வைத்துக்கொண்டு, எனக்குத் தந்ததற்கு மட்டும் வைக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அல்லது உண்மையிலேயே எங்கோ தொலைத்துவிட்டு, பூட்டு விஷயத்தில் இத்தனை கொள்கை பேசுகிற மனிதர் என்பதால் சொல்ல வெட்கப்பட்டாரா? இரண்டில் ஒன்று. நல்லது நினைத்தால் மனசு நிறைகிறது. மறுநாளே அடுத்தது வந்து இடிக்கிறது.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் சார் ஆஸ்பத்திரியிலேயே, வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுந்து இறந்துபோனார். எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் கடை அடைக்கும்வரை அவர் வரவில்லை என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி சந்தில் மூன்று பூட்டோடு நின்றது. சிவப்பு ரிப்பன் நனைந்து தொங்கியது.

அடக்கத்துக்குப் போய்வந்தோம். அதற்கடுத்த நாள் ஆட்டோக்காரர் கடைக்கு வந்தார்.

"வேய், வண்டி மழையில நிக்கி. நாம மூணு பேரும் சேந்து தொறந்து வீட்டுல கொண்டுபோய் விடுவோமா?"

"வீட்டுக்காரங்க வரட்டு அண்ணாச்சி" என்றேன்.

அவர் யோசித்தார். "நீரு சொல்லுததும் செரிதான். மூணு கள்ளன்மாரும் சேந்து செத்த ஆளுக்க வண்டிய எடுத்தா நல்லாவா இருக்கும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆட்டோவில் இருந்து ஒரு பிளாஸ்டிக் படுதாவை எடுத்துவந்து வண்டிமேல் போர்த்தினார். நான் கடையிலிருந்து கயிறு கொடுத்தேன்.

அந்த நாட்களில் யாரும் சொல்லாமலேயே மூன்று பேரும் வண்டியைப் பார்த்துக்கொண்டோம். ஆட்டோக்காரர் சவாரி போகும்போதெல்லாம் சந்துவழியாகச் சுற்றிப் போவார். மச்சினன் வாழைக்குலை இறக்குகிற இடைவேளையில் வந்து ஒரு பார்வை பார்ப்பான். நான் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து வெளியே எட்டி எட்டிப் பார்த்து முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

சாருடைய மனைவி வந்தது ஒரு சனிக்கிழமை. தம்பியோடு வந்தார். வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளுக்கு ஓட்டப் பழக்கவேண்டும் என்றார். அவர் கையில் வண்டிச் சாவியோடு இரண்டு பூட்டுச் சாவிகள் இருந்தன. பழைய மாற்றுச் சாவிகள். அவற்றை உபயோகிக்க விடாமல் ஆட்டோக்காரர் வந்து தன் சாவியால் பிரேக் பூட்டைத் திறந்து, ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டி அந்த அம்மா கையில் தந்தார். மச்சினன் முன்சக்கரத்தைத் திறந்தான். நான் பின்சக்கரச் செயினைத் திறந்தேன். மழையில் நின்ற பூட்டு, திறக்கக் கொஞ்சம் நேரமானது.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்க மறுசாவிய தேடாத எடமில்ல. அலமாரி, ஜெபப் புத்தகம், அவரு பை எல்லாம் பாத்தாச்சு. கெடைக்கல்ல," என்றார். பிறகு மெதுவாக, "தம்பிக்குத் தந்தது தெரியும். ஆட்டோ அண்ணாச்சிக்குத் தந்ததும் தெரியும். ஒங்களுக்கு எதுக்குத் தந்தாரு அண்ணே?"

வீட்டில் சொல்லியிருப்பார், இந்த அம்மாவுக்காவது தெரிந்திருக்கும், என்றாவது ஒருநாள் தெரிந்துகொள்ளலாம் என்று நான் வைத்திருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

"தெரியாது அக்கா" என்றேன். "ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லல்லியா?"

"கேட்டேன் ஒருநாள். 'அது அப்படித்தான்'னு சொல்லிட்டுச் சோறு திங்கப் போனாரு."

மச்சினன் வண்டியை உதைத்துக் கிளப்பினான். அந்த அம்மா பின்னால் ஏறிக்கொண்டு, செயின் பூட்டை என்னிடமே நீட்டினார். "சாவி ஒண்ணுதான இருக்கு. அதும் ஒங்ககிட்ட. பூட்டையும் நீங்களே வச்சுக்கிடுங்க." வண்டி திரும்பி, சாயாக்கடையைத் தாண்டிப் போயிற்று. தூணில் செயின் உரசிய இடம் மட்டும் பளபளவென்று இருந்தது.

பூட்டு வீட்டில் ஒரு மூலையில் கிடந்தது. இந்த வருடம் மகள் காலேஜில் சேர்ந்தாள். காலையில் அவளைக் கொண்டுவிட ஒரு பழைய வண்டி வாங்கினேன். அவளை விட்டுவிட்டுக் கடைக்கு வந்து அதே சந்தில், அதே தூணின் பக்கத்தில் நிறுத்துகிறேன். முதல்நாளே அந்தச் செயினை எடுத்துவந்து, தரையில் படாமல் ஒரு சுற்று ஏற்றிச் சுற்றிப் பூட்டினேன். சாவியை அரைஞாணில் கட்டப்போனவன் கட்டவில்லை. என் கால் தானாக வாழைக்குலை மண்டிக்குப் போயிற்று.

மச்சினன் லாரியிலிருந்து குலை இறக்கிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். சாவியை நீட்டினேன். அவனுக்கு அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது அத்தானுக்க பூட்டுக்குள்ளதுல்லா. எனக்கு எதுக்கு அண்ணே?"

நான் சாவியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

அவன் முகம் மாறியது. சிரிக்கவில்லை. "நான் இப்ப ஒண்ணும் செய்யதில்ல. ஒங்களுக்குத் தெரியும்லா? சந்தேகப்பட்டுத் தாறியளா, நம்பித் தாறியளா? அதச் சொல்லிட்டுத் தாருங்க."

நான் அவனை நம்புகிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அது உண்மைதான். ஆனால் அவன் பழைய வண்டியை விற்றவன் என்பதும் அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது. அதுவும் உண்மைதான். எது முதல், எது இரண்டாவது என்று எனக்கே பிடிபடவில்லை.

"அது அப்படித்தான் மக்கா" என்றேன். "சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுதேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு சாவியை வாங்கி, கழுத்து ஜெபமாலையில் கோர்த்துக்கொண்டு லாரிக்குப் போனான். நான் கடைக்கு நடந்தேன். சந்தைத் தாண்டும்போது பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று கை துடித்தது. பார்க்கவில்லை.

இதை எழுதி முடித்தது ஆடி அமாவாசைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடை இல்லை.